சொல்லாமல் விட்ட வடிகஞ்சி

என் நாத்தனாருக்கு பாஸ்தா செய்யும் முறையைத் தப்பாகச் சொன்னேன். தெரியாமல் சொன்னதும் இல்லை, மறந்துபோனதும் இல்லை. அவள் செய்தால் என்னுடையதைப் போல வந்துவிடக் கூடாது என்று நினைத்தே சொன்னேன். அவள் செய்தது குழைந்து களியாகிப் போனது. அவள் மகனின் பிறந்தநாளுக்கு வந்திருந்தவர்கள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்கள். "எனக்கு இதுக்குக் கை வரல அண்ணி" என்று அவள் சொன்னபோது, "பழகினா வந்துடும்" என்று ஆறுதல் சொன்னேன். தப்பாகச் சொன்னதைவிட அந்த ஆறுதல்தான் இன்றும் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

வீட்டில் மாவு பிசைந்து செய்யும் பாஸ்தா ஒன்றும் கடினமான சமையல் இல்லை. இத்தாலியின் தெற்கே பாரி என்று ஒரு துறைமுக நகரம். அதன் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, காது மடல் வடிவத்தில் பாஸ்தா தேய்த்து அங்கேயே காய வைப்பார்கள். ரவையும் தண்ணீரும்தான் மாவு. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வடக்கே எமிலியா-ரோமாஞ்ஞா பக்கத்துக் கணக்கு. தெற்கத்திக்காரர்களுக்கு முட்டையும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். அம்மிணிக் கொழுக்கட்டை உருட்டத் தெரிந்த எவருக்கும் இது முதல் நாளே வரும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அதுக்குன்னு ஒரு மாவு இருக்கு, செங்கல்பட்டுல கிடைக்காது, சென்னையில் சொல்லி வச்சு வாங்கறேன்" என்றேன். இதில் பாதி உண்மை இருந்ததால் பொய் நன்றாக நின்றது. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தக் கோதுமை நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தில் விளைகிறது. நம் தெருக்கடை ரவை பெரும்பாலும் வேறு கோதுமை. இந்த விவரங்களைச் சொல்லிக் கேட்டவர்களை மலைக்க வைப்பேன். நான் பிசைந்ததோ எங்கள் தெரு முனை மளிகைக்கடையில் வாங்கிய சிரோட்டி ரவை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என் பேச்சை நம்பி, வெளிநாட்டு மாவுப் பொட்டலம் ஒன்றைக் கேட்ட விலை கொடுத்து வரவழைத்தார். அவர் காட்டியபோது, "இதுதான், சரியாத்தான் வாங்கியிருக்கீங்க" என்றேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதைச் சொன்னால்தான் நான் செய்ததன் முழு அளவும் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பு மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். யுனெஸ்கோ 1984-இல் மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்த வெளிநாட்டவரில் சிலர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குவார்கள். ஒத்தவாடைத் தெருவில் அவர்களுக்காகவே மாடியில் கூரை போட்ட சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். பிடித்த மீனை வாசலில் காட்டி விலை பேசுவார்கள், உள்ளே பாஸ்தாவும் பான்கேக்கும் கிடைக்கும். அப்படி ஒரு கடையில் சமையல் பார்த்தவர் ஒரு மீனவக் குடும்பத்துக்காரர். குளிர்காலத்தில் வந்து தங்கிய இத்தாலியக் கிழவர் ஒருவர் அடுப்பருகே நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தது. பருவத்தின் உச்சத்தில் வந்த அடி. அதற்குப் பிந்தைய மாதங்களில் தெருவில் வெளிநாட்டுக்காரர்களே இல்லை. கடையில் மேசைகள் காலியாகக் கிடந்தன. சமையல்காரரின் அண்ணனுக்கு வலையும் படகும் போயிருந்தன. இவருக்கு வேலை இருந்தும் இல்லாத நிலை. விடுதியில் எங்களுக்கும் வேலை குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அடுப்படியில் நின்று பார்ப்பேன். அவர்தான் கூப்பிட்டு மாவைக் கையில் கொடுத்தார். "இதுல ஒண்ணுமே இல்லைக்கா. கஞ்சியைக் கொட்டிடாத, அவ்ளோதான்" என்றார். எதையும் ஒளிக்கவில்லை. எத்தனை உப்பு, ஏன் அத்தனை உப்பு, பூண்டு எந்த நிறத்துக்கு வந்தால் தப்பு, எல்லாம் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொண்டபோது, எழுதினதைத் திருப்பி வாசிக்கச் சொல்லித் திருத்தினார். பிழைப்பே ஆடிப்போன மாதங்களில் ஒரு மனிதர் இப்படிக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை.

அதைத்தான் நான் பூட்டி வைத்தேன்.

கல்யாணமாகிப் போன வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் கைப்பக்குவம் இருந்தது. மாமியாரின் கருவாட்டுக் குழம்புக்காகவே மதுராந்தகத்திலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஐம்பது பேருக்குப் பிரியாணி போட்டவள். நான் வைத்த சாம்பாரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அதைப் பற்றி யாரும் எதுவுமே சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்தா செய்தேன். அன்றுதான் அந்த வீட்டில் என் பெயரைச் சொல்லி இன்னொரு கரண்டி கேட்டார்கள். அதன் பிறகு கணவரின் நண்பர்கள் வந்தால் "அண்ணி பாஸ்தா" என்பது வழக்கமாயிற்று. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அந்த ஒரு சட்டி அளவுதான் என்று நம்பினேன். அதிலும் அவள் வந்து நின்றுவிட்டால் எனக்கு மிஞ்சுவது என்ன என்ற பயம். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. அவள் என்னிடம் எதையும் மறைத்தவள் இல்லை. பிரியாணிக்கு எப்போது தம் போட வேண்டும் என்று எனக்குக் கைப்பிடித்துக் காட்டியதே அவள்தான்.

2022 ஆடி மாதம். மாமல்லபுரம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள். போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் கைகூப்பி நின்றது. நாத்தனார் மகனுக்கு அப்போது சதுரங்கத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பிறந்தநாள் அந்த நாட்களில் வந்தது. வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடுவதைப் போல ஏதாவது வேண்டும் என்றான். மறைமலை நகரில் அவர்கள் வீட்டில் கூட்டம். எனக்கு அன்று போக முடியாத நிலை, மாமியாருக்குக் காய்ச்சல். முந்தின நாள் மாவு பிசையும் விதத்தை போனில் சொன்னேன். அதைச் சரியாகத்தான் சொன்னேன். பிசையும்போதே தப்பு தெரிந்துவிட்டால் அவள் மறுபடி கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அடுப்பிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம். "அண்ணி, வெந்துடுச்சு. தண்ணியை வடிச்சுக் கொட்டிடலாமா?"

"கொட்டிடு."

"பச்சைத் தண்ணியில அலசணுமா, சேமியாவுக்குச் செய்யற மாதிரி?"

"ம்."

அந்த "ம்" சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அலசினால் மேலே படிந்திருக்கும் மாவுச்சத்து போய்விடும், எண்ணெயும் மசாலாவும் ஒட்டாமல் வழுக்கி அடியில் தங்கும். ஒட்டவில்லையே என்று அவள் மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறுவாள். கிளறக் கிளறக் குழையும். கேக் வெட்டும் வரை ஹாட்பேக்கில் மூடி வைப்பாள், மூடின சூட்டில் இன்னும் ஊதிப்போகும். ஒவ்வொரு படியும் என் கண்ணில் தெரிந்தது. அப்படியேதான் நடந்தது.

அதன் பிறகு அவள் பாஸ்தா செய்யவே இல்லை. இருபது வருடமாக எதைத் தொட்டாலும் வெற்றியாக்கிய கைக்காரிக்கு, வராத ஒன்று என்று ஒன்றை நான் உண்டாக்கிக் கொடுத்தேன். அவள் அதை நம்பினாள்.

மறைத்து வைத்ததால் நான் என்ன அனுபவித்தேன் என்றும் சொல்ல வேண்டும். அரைக் கிலோ மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தேய்க்க ஒரு ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தால் கால் மணி. இது கூடிச் செய்ய வேண்டிய பண்டம். வடாம் பிழியும் மொட்டை மாடியைப் போல, முறுக்கு சுற்றும் தீபாவளிக்கு முந்தின இரவைப் போல, நாலு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு செய்வது. எங்கள் தெருவில் கிறிஸ்துவ வீடுகளில் டிசம்பர் மாதம் கலகலா செய்யும்போது பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு புதுச் சீப்பை வைத்துக்கொண்டு மாவைத் தேய்த்துச் சோழியாகச் சுருட்டுவார்கள். பாஸ்தாவுக்கும் அதே தேய்ப்புதான், எண்ணெயில் பொரிப்பதற்குப் பதில் தண்ணீரில் வேக வைக்கிறோம். அதை நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே தனியாக உட்கார்ந்து தேய்த்தேன். "உதவிக்கு வரட்டுமா" என்று கேட்ட மாமியாரை "நீங்க உட்காருங்க அத்தை" என்று மரியாதையாக வெளியே அனுப்பினேன். அவர் கடைசி வரை அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கொழுக்கட்டை பிடிப்பதில் எங்கள் வீட்டில் அவருக்கு நிகர் யாரும் கிடையாது.

இந்த ஆண்டு காணும் பொங்கலுக்கு எல்லோரும் மாமல்லபுரம் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் புல்தரையில் துணி விரிக்கக்கூட இடமில்லாத கூட்டம். நாத்தனார் மகன் இப்போது என்னைவிட உயரம். "அத்தை, ஒத்தவாடைத் தெருவுல போய் பாஸ்தா சாப்பிடலாமா? நீங்க செஞ்சு எவ்ளோ நாளாச்சு" என்றான். பிறகு அவன் பாட்டுக்கு, "அம்மாவுக்குத்தான் அது வராதே" என்றான். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பிள்ளைக்குக்கூட ஒரு பாடம்போல ஆகிவிட்டது அது.

அன்று மாலை கடலைப் பார்த்து அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அலசணுமான்னு கேட்டேனே, அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அவன் பிறந்தநாள் அண்ணி அது."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. சில வாரங்கள் கழித்து ஒரு செய்தி அனுப்பினாள்: "எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க." எழுதினேன். அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் வைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், என்னிடம் கேட்டு ஏமாந்த மற்றவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

ஐந்தாறு பேருக்கு சிரோட்டி ரவை 300 கிராம், மைதா 200 கிராம். வெதுவெதுப்பான தண்ணீர் கால் லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. மொத்தமாக ஊற்றிவிடாதே, ரவைக்கு ரவை குடிக்கும் அளவு மாறும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி மூடி வை. இந்த அரை மணியைக் குறைக்காதே. ரவை தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், மாவின் விறைப்பும் அப்போதுதான் தளரும். பிறகு சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் அளவில் வெட்டு. ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்தி முன்னால் இழுத்தால் தானே சுருண்டுகொள்ளும். இத்தாலியில் இதற்கு கவத்தெல்லி என்று பெயர். அந்தக் குழிவில்தான் சாறு தங்கும். தட்டில் ரவை தூவிப் பரப்பி வை. இந்த வேலைக்கு எல்லோரையும் உட்கார வை.

அண்டாவில் ஐந்து லிட்டர் தண்ணீர், 50 கிராம் உப்பு. லிட்டருக்குப் பத்து கிராம் என்பது கணக்கு. அதிகமாகத் தெரியும், ஆனால் பாஸ்தாவுக்குள் உப்பு போகும் வழி இது ஒன்றுதான். தண்ணீரில் எண்ணெய் விடாதே. தளதளவென்று கொதிக்கும்போது போட்டு ஒருமுறை கிளறு. மிதந்து மேலே வந்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் வேக வேண்டும். ஒன்றைக் கடித்துப் பார், நடுவில் லேசான கெட்டி இருக்கும்போதே எடுத்துவிடலாம், மீதி வாணலியில் வேகும்.

அது கொதிக்கும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் அகலமான வாணலி. அரை டம்ளர் கடலை எண்ணெய், ஒரு முழுப் பூண்டு மெல்லிசாக அரிந்தது, இரண்டு காய்ந்த மிளகாய் கிள்ளியது, சின்ன தீ. பூண்டு பொன்னிறத்தைத் தாண்டினால் கசக்கும், தாண்ட விடாதே. ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு, தலை கிள்ளி வெந்நீரில் ஊறவைத்து அலசி நசுக்கியது, எண்ணெயில் கரையும் வரை வதக்கு. இத்தாலிக்காரர்கள் உப்பில் பதப்படுத்திய நெத்திலியை இப்படித்தான் எண்ணெயில் கரைக்கிறார்கள். கோவளத்திலோ கொக்கிலமேட்டிலோ அன்று வந்த இறால் கிடைத்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் போடு. கருவாடு சாப்பிடாதவர்களுக்கு நாட்டுத்தக்காளி முக்கால் கிலோ, தோல் உரித்து, அதே பூண்டெண்ணெயில் சுண்ட வை. முட்டை இல்லாததால் சைவக்காரர்களும் சாப்பிடலாம். சீஸ் வேண்டியதில்லை. வேண்டும் என்று நான் சொன்னது பொய். மீன் போட்ட பாஸ்தாவில் சீஸ் சேர்ப்பது அவர்கள் ஊரிலும் வழக்கமில்லை. சீஸ் வாங்க வசதியில்லாத தெற்கு இத்தாலி வீடுகளில் பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவியிருக்கிறார்கள். ரஸ்க் தூள் போதும், நான் எப்போதும் போட்டது அதுதான்.

இனி உன்னிடம் நான் மறைத்தது. வடிப்பதற்கு முன் இரண்டு டம்ளர் கஞ்சியை எடுத்து வை. பாஸ்தாவை அலசாதே. அரிகரண்டியால் அள்ளி நேரே வாணலிக்கு மாற்று. ஒரு கரண்டி கஞ்சி ஊற்றி, தீயைக் கூட்டி, வாணலியை ஆட்டிக்கொண்டே இரு. கஞ்சியின் மாவுச்சத்துதான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிய விடாமல் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் பால்போலக் கலங்கிப் பளபளப்பாகும். இறுகினால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. ஹாட்பேக்கில் வைக்காதே. முதலில் எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு தண்ணீரில் போடு.

இவ்வளவும் அனுப்பினேன். அன்று இரவே பதில் வந்தது.

"இதுல எதுவும் விட்டுப் போகலையே அண்ணி?"

அவள் அப்படிக் கேட்டதில் கோபம் இருந்ததா, வெறும் சமையல்காரியின் கேள்வியா, எனக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி. மேலிருந்து கீழே வரை மறுபடி வாசித்தேன். ஒன்று விட்டுப் போயிருந்தது. இந்த முறை நிஜமாகவே மறந்தது. உடனே எழுதினேன்: கஞ்சியிலும் கருவாட்டிலும் இருக்கும் உப்பே போதும், வாணலியில் தனியாக உப்புப் போடாதே.